மல்லர் திலகம் காமா: தோள்வலியும் இருதயமும்

மற்போர் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூற்றிற் காண்கின்றோம். ஆயினும், புலவர் பாடியது வென்ற கணத்தை மாத்திரமே. வென்றவன் எழுபது வயதில் எவ்வாறு இருந்தான், நாலடி நடந்தால் அவனுக்கு மூச்சு வாங்கியதா, அவன் மார்பினுள்ளே துடித்த இருதயம் எத்துணைக் காலம் அவனுக்குத் துணைநின்றது என்பவற்றை எப்புலவரும் பாடினாரல்லர். வீரனுடைய தோளைப் பாடுவது உலக வழக்கு. அத்தோளுக்குக் குருதியூட்டும் சிற்றுறுப்பை நினைப்பார் அரியர்.

இருபதாம் நூற்றாண்டின் மல்லருள் தலைசிறந்தவரெனப் போற்றப்படும் காமா பயில்வானது வாழ்வு, இளமையும் முதுமையுமாகிய இரு பக்கங்களையும் நமக்குக் காட்டுவது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகக் களத்தில் தோல்வி காணாதவர் என்று அவரைப் புகழ்வர். அத்தகைய வீரர் தம் இறுதி நாட்களை இருதய நோயாளியாகக் கழித்தார் என்பது பலரும் நினையாத செய்தி. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்தருவதாகும்.

காமா 1878ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி பிறந்தார். இயற்பெயர் குலாம் முகம்மது. காஷ்மீரத்திலிருந்து பஞ்சாபிற் குடியேறிய மல்லர் குடியொன்று அவருடையது. தந்தையார் அஸீஸ் பக்ஷும் பெயர்பெற்ற மல்லரே. மகனுக்கு ஆறு வயதளவில் அவர் காலமாயினார். பின்னர்ப் பாட்டனாரும், அவருக்குப்பின் மாமனார் ஈடாவும் பிள்ளையைப் பேணி, மற்கலையிற் பயிற்றினர். தந்தையின் ஆசையை மகன் நிறைவேற்றவேண்டும் என்பதே அக்குடும்பத்தின் ஒரே எண்ணமாயிற்று.

1888ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் ஒரு போட்டி வைத்தார். அது மற்போரன்று, பஸ்கி எனப்படும் இருந்தெழும் பயிற்சியை யார் நெடுநேரம் செய்வர் என்று காணும் போட்டி. நாடெங்குமிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட மல்லர் வந்திருந்தனர். அவர்களிடையே பத்து வயதுப் பாலகனாகிய காமாவும் நின்றார். முதிர்ந்த மல்லர் ஒருவர்பின் ஒருவராகக் களைத்து விலகிய பின்னரும் எஞ்சிய பதினைவருள் ஒருவராக அப்பாலகன் நிலைத்துநின்றான். மன்னர் வியந்து, வயதை நோக்கி, வெற்றி அவனதே என அறிவித்தார். இதன்பின் ததியா சமஸ்தானத்து மன்னர் அவரைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். அக்காலத்து மல்லர் வாழ்வுக்கு அரசரின் அரண்மனையே வேர். அவ்வேர் அறுந்தால் மரம் என்னாகும் என்பதைக் காமாவின் பிற்கால வாழ்வு காட்டும்.

மல்லர் பயிலும் களத்தை அக்காடா என்பர். மண்ணைக் கொத்தி மென்மையாக்கி, எண்ணெயும் பிறவும் கலந்து பதப்படுத்திய களம் அது. விடியுமுன் எழுந்து தண்டாலும் பஸ்கியும் செய்து, கரலாக்கட்டை சுழற்றி, அதன்பின் உடன்பயில்வாரோடு ஒருவர்பின் ஒருவராகப் பொருதல் அன்றாடக் கடன். காமா நாள்தோறும் ஆயிரக்கணக்கான தண்டாலும் பஸ்கியும் செய்தார் என்றும், நாற்பது மல்லரோடு பொருதார் என்றும் மரபு சொல்லும். உணவோ பாலும் நெய்யும் பாதாம்பருப்பும் இறைச்சிச் சாறும். அளவுகள் சொல்வார்க்குச் சொல்வார் வேறுபடினும், சாதாரண மனிதர் பலர் உண்ணத்தக்கதை அவர் ஒருவரே உண்டார் என்பதில் யாவரும் ஒன்றுபடுவர். உழைப்பு அத்துணையதாயின் உணவும் அத்துணையதாதல் முறையே. உழைப்புக் குறைந்தபின்பும் உணவு குறையாவிடின் யாது நேரும் என்பதே வினா. அதனைப் பின்னர்க் காண்போம்.

இளமையில் அவருக்கு நேர்ந்த பெருஞ்சோதனை குஜரான்வாலாவைச் சேர்ந்த ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா என்னும் மல்லரால் நேர்ந்தது. ரகீம் ஏறத்தாழ ஏழடி உயரமுள்ளவர். களத்திற் புகழ் நிறைந்தவர். காமாவோ ஐந்தடி ஏழங்குல உயரத்தவர். பதினேழு வயதளவில் அவர் ரகீமை எதிர்த்தார். நெடுநேரம் பொருதும் வெற்றி தோல்வியின்றி அப்போர் முடிந்தது. அன்றுமுதல் காமாவின் பெயர் பாரதமெங்கும் பரவியது.

1910ஆம் ஆண்டில், இளவல் இமாம் பக்ஷுடன் காமா இங்கிலாந்து சென்றார். உயரங் குறைந்தவர் என்பதாற் போட்டியிற் சேர அவருக்கு முதலில் இடங்கிடைக்கவில்லை. அவரோ, எந்த எடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று பகிரங்கமாக அறைகூவல் விடுத்தார். நெடுநாள் எவரும் முன்வந்திலர். ஈற்றில் முன்வந்தவர் பெஞ்சமின் ரோலர் என்னும் அமெரிக்கர். ரோலர் மல்லர் மாத்திரமல்லர், பயின்ற வைத்தியருமாவர். மனித உடலின் நரம்பும் எலும்பும் அறிந்த அவரைக் காமா முதன்முறை 1 நிமிடம் 40 வினாடியிலும், இரண்டாம் முறை 9 நிமிடம் 10 வினாடியிலும் வீழ்த்தினார்.

பின்னர் செப்டெம்பர் 10ஆம் திகதி இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில், போலந்து நாட்டு மல்லர் ஸ்தனிஸ்லாஸ் ஸிபிஸ்கோவுடன் காமா பொருதார். முதல் நிமிடத்திலேயே ஸிபிஸ்கோ தரையிற் கொணரப்பட்டார். அதன்பின் அவர் தரையோடு தரையாகக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார். இவ்வாறு 2 மணி 35 நிமிடம் கழிந்தது. வெற்றி எவர்க்கும் இன்றிப் போர் நிறுத்தப்பட்டது. செப்டெம்பர் 17ஆம் திகதி மீண்டும் பொருவதென முடிவாயிற்று. அன்று ஸிபிஸ்கோ களத்துக்கு வந்திலர். வெற்றி காமாவினதே என அறிவித்து, ஜோன் புல் கச்சையை அவருக்கு அளித்தனர்.

இங்கே சற்று நின்று, அவர்தம் மார்பினுள்ளே நிகழ்ந்ததை நோக்குவோம். வளர்ந்த மனிதனுடைய இருதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தசைப்பை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை அது துடிக்கும். கடும்பயிற்சி செய்வாரது இருதயம் பருத்திருத்தலைச் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹென்ஷென் என்பார் 1899ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தார். பனிச்சறுக்கு வீரரின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர் அதனை அறிந்தார். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இன்னும் நுணுகி ஆராய்ந்து, நெடுந்தூரம் ஓடுவார்க்கு இதய அறை விரிவடைதலையும், மற்போர் முதலிய வலிமைப் பயிற்சி செய்வார்க்கு இதயச் சுவர் தடித்தலையும் எடுத்துக்காட்டினர். இவ்வளர்ச்சி பெரும்பாலும் நோயன்று. தொழிலுக்கேற்ப உறுப்புத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்பேயாம். பயிற்சி நின்றால் அது மெல்ல மெல்லத் தணிவதும் உண்டு.

ஆயினும், மற்போரில் ஒரு தனித்தன்மை உளது. எதிரியை அழுத்திப் பிடிக்கும்போது மல்லன் மூச்சை அடக்கித் தசைகளை இறுக்குகின்றான். இறுகிய தசை குருதிக் குழாய்களை நெருக்குகின்றது. அக்கணத்தில் குருதியமுக்கம் மிக உயர்கின்றது. 1985ஆம் ஆண்டில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர், பெரும்பாரத்தைக் காலால் உந்திய ஐவரின் குருதியமுக்கத்தை நாடியினுள்ளே கருவி செலுத்தி அளந்தனர். சராசரி 320க்கு 250 எனக் கண்டனர். ஒருவர்க்கு அது 480க்கு 350 அளவையும் எட்டியது. ஓய்வாயிருக்கும் நம்மவர்க்கு 120க்கு 80 என்பதே செவ்விய அளவு. சுகமான இளமை உடல் இவ்வேற்றத்தைத் தாங்கி, கணத்தில் மீண்டும் நிலைபெறும். நாடிகள் தடித்து ஒடுங்கிய முதியவர்க்கு அதே ஏற்றம் ஆபத்தாகலாம். பிடி ஒன்றே, பிடிப்பவனது வயதே வேற்றுமை.

காமா தாயகம் மீண்டார். அலகாபாத்தில் ரகீம் பக்ஷுடன் மீண்டும் பொருது வென்று, பாரதத்தின் தலைமை மல்லர் என்னும் பட்டம் பெற்றார். அப்போது ரகீம் நடுவயது கடந்தவர். தம்மை எதிர்த்தோருள் வலியவர் யாரென வினவியபோதெல்லாம் காமா குறித்தது ரகீமையே என்பர். வென்ற பகைவனை உயர்த்திப் பேசுதல் பெரியோர் இயல்பன்றோ. 1922ஆம் ஆண்டில் பாரதத்துக்கு வந்த வேல்ஸ் இளவரசர் காமாவுக்கு வெள்ளிக் கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார்.

1928ஆம் ஆண்டு சனவரியில் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் ஏற்பாட்டில், காமாவும் ஸிபிஸ்கோவும் இரண்டாம் முறை எதிர்ப்பட்டனர். காமாவுக்கு வயது 49, ஸிபிஸ்கோவுக்கு 48. இலண்டனில் இரண்டரை மணி நேரத்திலும் முடியாத போர் பட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. ஸிபிஸ்கோவின் முதுகு மண்ணிற் பட்டது. ஐம்பதை அணுகிய இருவரின் அப்போரைப் பல்லாயிரவர் கண்டனர். மறு ஆண்டில் ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பாரையும் காமா விரைவில் வென்றார். இதன்பின் அவரை எதிர்க்க எவரும் முன்வந்திலர். 1952ஆம் ஆண்டு வரை அவர் ஓய்வை அறிவித்தாருமிலர். அப்போது அவருக்கு வயது 74.

இவ்விடத்தில் முதிய மல்லர்க்குரிய இடர் தோன்றுகின்றது. எதிரியில்லாத வீரனுக்குப் போர் குறைகின்றது; போர் குறையப் பயிற்சியும் குறைகின்றது. ஆனால் நாற்பதாண்டு பழகிய நாவும் வயிறும் குறைதலை விரும்புவதில்லை. மல்லர் குடிகளில் உணவின் மிகுதி பெருமையின் அடையாளமாகவும் கருதப்பட்டது. நெய்யையும் இறைச்சியையும் எரித்துத் தீர்த்த உழைப்பு நின்றபின், மிஞ்சிய கொழுப்பு இடுப்பிற் சேர்வதோடு நாடிகளின் உட்சுவரிலும் படிகின்றது. குருதியமுக்கமும் நீரிழிவும் கூடுமாயின் இருதயத்துக்குக் குருதி செல்லும் வழி மேலும் ஒடுங்கும். தென்னாசிய மக்களுக்கு இந்நோய் ஏனையோரினும் இளவயதிலேயே வருதலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மூலிகையின் பெயர் ஒன்றையும் கூறாது, அளவறிந்து உண்ணுதலையே வற்புறுத்தியது எத்துணை நுட்பமானது!

இஃது ஊகம் மாத்திரமன்று. 1920 முதல் 1965 வரை பின்லாந்து நாட்டின் சார்பிற் சர்வதேசப் போட்டிகளிற் பங்குபற்றிய வீரர்களின் ஆயுளை அந்நாட்டார் ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நெடுந்தூர ஓட்டம் முதலியவற்றில் ஈடுபட்டோர் சராசரி 75.6 ஆண்டு வாழ்ந்தனர். குழு விளையாட்டினர் 73.9 ஆண்டு வாழ்ந்தனர். மற்போர், குத்துச்சண்டை, பாரந்தூக்குதல் முதலிய வலிமைத் துறையினர் 71.5 ஆண்டும், ஒப்பிடுதற்கு எடுத்த ஏனைய சுகதேகிகள் 69.9 ஆண்டும் வாழ்ந்தனர். மற்போர் ஆயுளைக் குறைப்பதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் ஓடுவோன் பெற்ற பேறு முழுவதையும் மல்லன் பெற்றானல்லன் என்பதும் தெளிவு. தோளை வளர்க்கும் பயிற்சி தானாகவே நாடிகளையும் காக்கும் என்று நம்புதல் தவறு.

1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தது. காமா லாகூரில் தங்கினார். மதவெறி கொழுந்துவிட்டெரிந்த அந்நாட்களில், தாம் வாழ்ந்த மோகினி வீதியிலிருந்த இந்துக் குடும்பங்களைக் காத்து நின்று, அவர்கள் எல்லை கடந்து செல்லத் துணைசெய்தார் என்பது அவர் வரலாற்றிற் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க செய்தி. எழுபதை அணுகிய அம்மல்லர் வாழ்வில் வென்ற போர்களுள் தலையாயது இதுவே எனலாம். இருதயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் உறுப்பென்றும் உள்ளமென்றும் இரு பொருள் உண்டு. அவ்விரண்டாம் பொருளில் காமாவின் இருதயம் ஒருபோதும் நோயுற்றதன்று.

முதற்பொருளிலோ அது தளர்ந்தது. பிரிவினையோடு சமஸ்தானங்களின் ஆதரவும் மறைந்தது. பட்டியாலா எல்லைக்கப்பால் நின்றுவிட்டது. வருவாய் சுருங்கிய வேளையில் நோய் வந்தது. இருதய நோயும் ஆஸ்துமாவும் அவரை வருத்தின. ஆயிரக்கணக்கில் தண்டால் செய்த உடல் மூச்சுக்கு ஏங்கியது. வைத்தியச் செலவுக்குப் பணமின்றி அவர் இடர்ப்பட்டார். மற்போரில் விருப்புடைய இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா 2,000 ரூபாய் நன்கொடையும், மாதந்தோறும் 300 ரூபாய் உதவிப்பணமும் வழங்கினார். பாகிஸ்தான் அரசும் வைத்தியச் செலவில் உதவியது. இடையில் எழுந்த எல்லைக்கோடு அவ்வன்பைத் தடுத்திலது. ஆயினும், ஒரு காலத்தில் அவருக்காக ஆரவாரித்த இலட்சக்கணக்கானோரை நினைக்குமிடத்து, அவ்வுதவி சிறிதென்றே தோன்றும்.

1960ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, எண்பத்திரண்டு வயது நிறைந்த மறுநாள், லாகூரிற் காமா இறந்தார். அவர் மாண்ட அதே மாதம் 2ஆம் திகதி நியூயோர்க் நகரில் ரொபேட் கோட்ஸ் என்னும் வைத்தியர், அடைபட்ட இதய நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையை மனிதரில் வெற்றியுறச் செய்தார். கொழுப்பும் குருதியமுக்கமும் இருதய நோய்க்கு ஏதுக்கள் என்பதை, 1948இல் அமெரிக்காவின் பிராமிங்காம் என்னும் ஊரில் தொடங்கிய பேராய்வு 1961ஆம் ஆண்டில் விளக்கிற்று. காமா வாழ்ந்த காலத்தில் இவ்வறிவு அக்காடாக்களை எட்டியதில்லை. ஆதலின் அவரைக் குறைகூறுதல் நமக்குத் தகாது. எண்பத்திரண்டாண்டில் ஏறத்தாழ முந்நூறு கோடி முறை துடித்த இருதயம் அவருடையது. அது பணி செய்யத் தவறியதென்று எவர் கூறவல்லார்?

எனினும், அவர்க்குப்பின் வந்தோர் நிலை நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. காமாவின் வழித்தோன்றலான மல்லர்களுள் ஒருவர் ஜாரா பயில்வான். தம்பி இமாம் பக்ஷின் பேரர். 1979ஆம் ஆண்டில் லாகூரில் ஜப்பானிய மல்லர் இனோக்கியை எதிர்கொண்டு வெற்றி பெற்றவர். அவர் 1991ஆம் ஆண்டில் முப்பது வயதளவிலேயே மாரடைப்பால் மாண்டார். மறுபுறம், பட்டியாலாவில் வீழ்ந்த ஸிபிஸ்கோ காமாவுக்குப் பின்னும் ஏழாண்டு வாழ்ந்து, 1967ஆம் ஆண்டில் 88 வயதில் அமெரிக்காவில் மறைந்தார். அவரைக் கொண்டதும் மாரடைப்பே. முப்பதிலும் எண்பத்தெட்டிலும் ஒரே கதவைத் தட்டும் நோய் இது. கண்டத்தையும் குலத்தையும் அது பாராது. வென்றவன், தோற்றவன் என்ற வேற்றுமையும் அதற்கில்லை.

இதனால் நாம் கொள்ளத்தக்கவை யாவை? களத்தைவிட்டு விலகும் வீரர், பயிற்சியை ஒருநாளிலே விட்டொழித்தல் தகாது. நடை முதலிய மெல்லிய பயிற்சியாக அதனை மாற்றிக்கொள்ளல் வேண்டும். உழைப்புக் குறையும் அளவுக்கு உணவும் குறைதல் வேண்டும். குருதியமுக்கம், சருக்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் காலந்தோறும் வைத்தியரிடம் அளந்தறிதல் வேண்டும். மார்பு நோவு, காரணமின்றி வரும் இளைப்பு, தலைச்சுற்று என்பன தோன்றின், வீரனுக்கு இவை இழுக்கு என மறைத்தல் கூடாது. வலிமையாற் புகழ்பெற்றோர்க்கு மிகக் கடினமான பாடம் இதுவேயாகும். வலியைப் பொறுத்துப் பழகிய உடல், எச்சரிக்கையையும் வலியென்றே எண்ணிப் பொறுத்துவிடும். முதிர்ந்தபின் மீண்டும் களமிறங்க விழைவோர் வைத்தியரைக் காணாது இறங்குதல் ஆகாது.

ஆசிரியர்க்கும் இதிற் கடமை உண்டு. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதல்வனாக வந்த மாணவனுக்கு வெற்றிக் கிண்ணம் கொடுக்கின்றோம். நாற்பதாண்டு கழித்தும் அவ்வுடல் அவனுக்கு வேண்டுமென்பதை அன்றே சொல்லிக்கொடுத்தல் நன்று. சமுதாயத்துக்கும் ஒரு கடன் உண்டு. வீரன் தன் இளமையை நம் மகிழ்ச்சிக்காகச் செலவிடுகின்றான். அவன் மூச்சுத் திணறும் நாளில், மருந்துக்கு அவன் பிறர் கையை நோக்கும்படி விடுதல் நன்றி கொன்ற செயலாகும். பிர்லாவைப் போன்ற ஒருவர் நினைக்கும் வரை காத்திராது, முதிய வீரர்க்கு வைத்தியமும் ஓய்வூதியமும் உரிமையாகக் கிடைக்க வழிசெய்யும் நாடே வீரத்தை மதிக்கும் நாடு. காமாவின் தோள்வலியை எண்ணி வியப்போர், அவர் கடைசி ஆண்டுகளையும் எண்ணிப் பார்ப்பாராக.